நாயகி உள்ளே வரும் விதம்

தமிழ் சினிமாவோடு பெண்ணியவாதிகள் போட்ட சண்டைகளில் பெரும்பாலானவை படத்தின் முடிவைப் பற்றியவை. நாயகி கடைசியில் திருந்தினாளா, செத்தாளா, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளா என்று கேட்டிருக்கிறோம். அந்தச் சண்டைகள் தேவையானவைதான். எனக்கோ நாளாக நாளாகத் தொடக்கங்களின் மீதுதான் சந்தேகம் வலுக்கிறது. முதல் பத்து நிமிடத்தில், பல நேரம் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவள் எப்படிப்பட்டவள் என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். வசனத்தில் சொன்னால் நாம் மறுத்துப் பேசலாம். ஒரு சத்தத்தில், அவள் நிற்கும் இடத்தில், யார் கண் வழியாக அவளைப் பார்க்கிறோம் என்பதில் சொல்லும்போது, சொல்லப்பட்டது என்பதே நமக்கு உறைப்பதில்லை.

ஆணின் வருகைக்கு நம் திரையரங்குகளில் தனிச் சொல்லே உண்டு: என்ட்ரி. 1992இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை'யில் ரஜினிகாந்தின் பட்டமும் பெயரும் இருட்டுத் திரையில் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து எழுத்தெழுத்தாக வந்தன. அதற்கென்றே தேவா அமைத்த இசை பின்னால் அதிர்ந்தது. முப்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த அட்டைக்குக் கைதட்டல் குறையவில்லை. பாத்திரம் வருவதற்கு முன்னால் நடிகர் வந்துவிடுகிறார். பிறகு பாதம், கை, முதுகு, கடைசியில் முகம். அவரைத் திரைக்குள்ளே இருக்கும் யாரும் பார்த்து மதிப்பிடுவதில்லை. அண்ணாந்து பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை.

நாயகி வேறு மாதிரி வருகிறாள். அந்த மாதிரியை சினிமா தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அது நம் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

பெண் பார்க்கும் சடங்கை ஒரு காட்சியமைப்பாக யோசித்துப் பாருங்கள். கூடத்தில் விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே உள்ளறைக் கதவு. கதவுக்குப் பின்னால் குசுகுசுப்பு, வளையல் ஓசை, பாத்திரச் சத்தம். 'பொண்ண வரச் சொல்லுங்க' என்கிறார் ஒருவர். கொலுசுச் சத்தம் நெருங்குகிறது. காபித் தட்டோடு அவள் வாசற்படியில் ஒரு கணம் நிற்கிறாள். தட்டு இருப்பதால் கைகள் கட்டுண்டவை. காபி தளும்பக் கூடாது என்பதால் பார்வை கீழேதான் இருக்கும். பிறகு நமஸ்காரம். பிறகு, 'பாடத் தெரியுமா?' உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பார்க்கும் உரிமை பெற்றவர்கள். அவள் ஒருத்திக்குத்தான் அந்த உரிமை கதவிடுக்கு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஒலி முன்னே வர, உருவம் பின்னே வர, வாசற்படி சட்டகமாக இருக்க, கடைசியில் ஒரு பாட்டும் கேட்கப்படுகிறது. நாயகி அறிமுகக் காட்சிக்கு இதைவிட நல்ல ஒத்திகை எங்கே கிடைக்கும்?

இந்த வடிவம் எல்லோருக்கும் பொதுவானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயலில் நாற்று நடுகிறவளையும் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவளையும் ஊரே தினமும் பார்க்கிறது. அவளை ஒளித்துவைத்துக் காட்டும் கூடமும் உள்ளறையும் அவள் வீட்டில் இருந்ததில்லை. உயர்சாதி, நடுத்தர வர்க்க வீட்டின் நாடகத்தைத்தான் சினிமா தமிழ்ப்பெண் அனைவரின் நாடகமாக ஆக்கியது.

பேசும்படத்தின் முதல் பத்தாண்டில் நிலைமை கொஞ்சம் வேறாக இருந்தது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. எச்.எம்.ரெட்டி பம்பாயில் எடுத்த அந்தப் படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார். இப்போது வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: தமிழ் சினிமாவின் முதல் தமிழ்க்குரல் என்று நாம் நினைவில் வைத்திருப்பது ஒரு பெண்ணின் குரலை. நாடக மேடையிலிருந்து வந்த அவர் 1936இல் தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 'மிஸ் கமலா' என்று தானே இயக்கினார். கே.பி.சுந்தராம்பாளுக்கு 1935இல் 'நந்தனார்' படத்துக்காக ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். கொடுத்தது முகத்துக்கல்ல, குரலுக்கு. அவர் அதில் நாயகிகூட இல்லை, நந்தனாராகவே நடித்தார். பாடத் தெரியாதவள் நாயகியாக முடியாத காலம் அது. அதில் வேறு அநீதிகள் இருந்தன. ஆனால் பாடுகிற தொண்டையும் திரையில் தெரிகிற முகமும் ஒரே பெண்ணுடையவை.

ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' (1938) படத்தில் பின்னணிக் குரல் பயன்பட்டதிலிருந்து அந்தப் பிணைப்பு தளர ஆரம்பித்தது. 1950களின் முடிவில் அது முற்றாக அறுந்தது. அறுந்ததால் புதிய வேலையும் பிறந்தது. பெரும் பாடகிகள் உருவானார்கள். அதே சமயம் குரலே ஒரு முத்திரையாகவும் ஆனது. பி.சுசீலாவின் குரல் தொடங்கினால் குடும்பப் பெண். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் தொடங்கினால் பெரும்பாலும் கிளப், கோப்பை, கண்ணாடிப் பாவாடை, அல்லது நாயகியின் குறும்புக்காரத் தோழி. பாட்டு தொடங்கி இரண்டு விநாடியில், திரையைப் பார்க்காமலே, இவளைக் கல்யாணம் செய்யலாமா கூடாதா என்று ரசிகனுக்குத் தெரிந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு, விதியும் உண்டு. அதே ஈஸ்வரிதான் பிறகு ஆடி மாதத் தெருக்களில் அம்மனின் குரலானார். திரையில் ஒழுக்கக்கேட்டின் அடையாளமாக வைக்கப்பட்ட குரலைத் தெருவில் கும்பிட்டார்கள். இந்த முரணைப் பற்றி யாராவது ஒரு தனிப் புத்தகம் எழுத வேண்டும்.

கொலுசுக்கு வருகிறேன். தமிழ்ப்பட ஒலிப்பதிவில் கொலுசளவுக்கு உழைத்த பொருள் வேறில்லை. நாயகி நடந்தால் கொலுசு, ஓடினால் கொலுசு, பேயாக வந்தாலும் கொலுசு. 2005இல் வந்த 'சந்திரமுகி'யில் மாடியில் பூட்டிக்கிடக்கும் அறையில் யார் இருக்கிறாள் என்பதை நாம் முதலில் அறிவது சலங்கைச் சத்தத்தால்தான். அழகு சேர்க்கும் ஒலி என்று இதை விட்டுவிடலாம். ஆனால் கொலுசு போட்டு வளர்ந்த எவருக்கும் அதன் இன்னொரு வேலை தெரியும். அது வீட்டில் உள்ளவர்களுக்குப் பெண் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மாடிப்படி ஏறினாளா, பின்கட்டுக்குப் போனாளா, வாசலில் நிற்கிறாளா என்பதற்கு யாரும் எழுந்து வந்து பார்க்க வேண்டியதில்லை. திரையரங்கில் கொலுசு ஒலிக்கும்போது நாமும் அந்த வீட்டாரின் இடத்தில் உட்கார்த்தப்படுகிறோம். பேய்ப்படங்களில் அதே சத்தம் பயமுறுத்துவதற்குக் காரணமும் இதுதான் என்பது என் எண்ணம்: சத்தம் கேட்கிறது, ஆனால் அவள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது நான் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. திரையை மூடிவிட்டு ஒரு படத்தின் முதல் பத்து நிமிடத்தின் ஒலியை மட்டும் ஓடவிடுவேன். பிறகு, 'இந்தப் பெண்ணுக்கு என்ன வயது, என்ன குணம், எழுதுங்கள்' என்பேன். மாணவிகள் தயங்காமல் எழுதிவிடுவார்கள். அடக்கமானவள், வாயாடி, திமிர் பிடித்தவள், பாவம். எந்தச் சத்தத்தை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். ஒருமுறை ஒரு மாணவி, 'சிரிப்பு நீளமா இருந்துச்சு மேடம், அதான்' என்றாள். நீளமாகச் சிரித்தால் திமிர் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைப் பற்றியே மீதி நேரம் பேசினோம்.

1977இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' கேமராவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோன படம் என்பார்கள். அதன் முதல் காட்சி கிராமமல்ல, ஒரு ரயில் நிலையம். மயில் (ஸ்ரீதேவி) தனியாக நின்று வரும் ரயிலைப் பார்க்கிறாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. அங்கிருந்து அவள் நினைவாகக் கதை பின்னோக்கிப் போகிறது. தமிழில் ஒரு கிராமத்துப் பெண்ணின் நினைவை நம்பி முழுப் படத்தையும் நிறுத்தியது சாதாரண விஷயமல்ல. மயில் டீச்சராக ஆசைப்பட்டவள், கோட் சூட் போட்ட கணவனைக் கனவு கண்டவள். அவள் ஆசைகளை நாம் அவள் பக்கமிருந்தே பார்க்கிறோம்.

இருந்தாலும் அந்தத் தொடக்கக் காட்சி இன்னொன்றையும் செய்கிறது. கதை தெரிவதற்கு முன்பே அவளைக் காத்திருப்பவளாக நமக்குக் காட்டிவிடுகிறது. ரயில் அசைகிறது, ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள்; அவள் நிற்கிறாள். பின்னால் எத்தனை முறை அவள் ஓடினாலும், சிரித்தாலும், சப்பாணிக்குக் கோபாலகிருஷ்ணன் என்கிற அவன் சொந்தப் பெயரை மீட்டுக் கொடுத்தாலும், அவள் எங்கே போய் நிற்பாள் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். தன்னைக் கெடுக்க வந்த பரட்டையைக் கொன்று சிறைக்குப் போன சப்பாணிக்காக அவள் அதே பிளாட்பாரத்தில் இன்னும் காத்திருக்கிறாள். நினைவு அவளுடையது, பயணம் வேறொருவனுடையது. படத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அதற்காக அந்த ரயில் நிலையத்தை மன்னிக்கவும் முடியவில்லை.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ருத்ரய்யா மொத்தமே இரண்டு படங்கள்தான் இயக்கினார், இது முதலாவது. பெண்ணியம் பற்றிப் பேசும் எல்லாத் தமிழ்க் கட்டுரைகளும் இந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கே போகின்றன. பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு கேட்க, அருணின் புது மனைவி தனக்குத் தெரியாது என்கிற காட்சி. அது முக்கியமானதுதான். நான் பேச விரும்புவது முதல் காட்சியை.

ஆவணப்படம் எடுக்கிற அருண் (கமல்ஹாசன்) நேராக நம்மைப் பார்க்கிறான். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்கிறான். சட்டகத்தைச் சரிசெய்கிறான். அவன் பேசுவது தான் பேட்டி காணப்போகும் பெண்ணிடம் என்று அடுத்த கணம் புரிகிறது. அந்த ஒரு கணத்துக்கு அந்தப் பெண்ணின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். தியேட்டரில் இருந்த பார்வையாளர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்திருப்பார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களை யாரோ தள்ளி உட்காரச் சொல்லி, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பச் சொல்லி, கேள்விக்குத் தயாராக்குகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது போல.

இதில் அருண் கெட்டவன் இல்லை என்பதுதான் நுட்பம். அவன் குரல் மென்மையானது, பண்பானது. பெண்களின் பிரச்சினையைப் பற்றி உண்மையான அக்கறையோடு படம் எடுக்கிறான். படத்தில் கொச்சையாகப் பேசும் ஆண் வேறொருவன்: விளம்பர நிறுவனம் நடத்தும் தியாகு (ரஜினிகாந்த்). அவனிடம் வேலை செய்கிற மஞ்சுவை (ஸ்ரீப்ரியா) இந்த இரண்டு ஆண்களின் பேச்சுக்கு நடுவில்தான் நாம் சந்திக்கிறோம். ஒருவன் அவளைப் பற்றித் தீர்ப்பு வைத்திருக்கிறான், இன்னொருவன் அவளைப் பற்றிக் கேள்வி வைத்திருக்கிறான். இருவரில் கேள்வி வைத்திருப்பவனே நல்லவன் என்று நினைத்துத்தான் நாம் படத்துக்குள் போகிறோம். ஆனால் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்' என்பதும் ஒரு கட்டளைதான் என்பதை முதல் நிமிடமே சொல்லிவிட்டது. பெண்ணைப் புரிந்துகொள்ள வருகிறவனும் முதலில் அவளைத் தன் சட்டகத்துக்குள் நகர்த்துகிறான். படம் முடியும்போது அருண் ஏன் மஞ்சுவோடு இல்லை என்பதற்கு நாம் தேடும் காரணங்களில் பாதி அங்கேயே இருக்கிறது.

மஞ்சுவுக்குக் கொலுசு இல்லை, அறிமுகப் பாட்டு இல்லை. நல்லுசாமியும் ஞானசேகரனும் ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தில் அவள் முகம் பல இடங்களில் பாதி இருட்டில் இருக்கிறது. நாயகியின் முகத்தில் விளக்கைக் கொட்டுவதே வழக்கமாக இருந்த தொழிலில், இருட்டு அவளுக்குக் கொடுத்த மரியாதை என்று நான் இதைப் பார்க்கிறேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) பெண் பார்க்கும் சடங்கை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. திவ்யாவை (ரேவதி) அன்று மாலை பெண் பார்க்க வருகிறார்கள். அவள் வீட்டுக்குப் போகாமல் தோழிகளோடு மழையில் ஆடுகிறாள். எஸ்.ஜானகியின் குரலில் அந்த மழைப்பாட்டைக் கேட்காத தமிழ்ப்பெண் இருக்க முடியாது. துள்ளலான பெண் என்று நாயகியை அறிமுகப்படுத்தும் வழக்கமான பாட்டு என்றுதான் இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு வேலைநிறுத்தம் தெரிகிறது. கூடத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், காபி ஆறுகிறது, கதவு திறக்கவில்லை. நாயகி தன் அறிமுகக் காட்சிக்கு வர மறுத்துவிட்டாள். மறுத்த நேரத்தில், யாரும் கேட்காமல், வேறொரு இடத்தில், தனக்காகப் பாடுகிறாள். பாட்டையும் உடலையும் கூடத்திலிருந்து தெருவுக்குத் திருடிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போயிருப்பார்கள் என்று நம்பி அவள் நனைந்த துணியோடு வீடு திரும்புகிறாள். மாப்பிள்ளை சந்திரகுமார் (மோகன்) இன்னும் உட்கார்ந்திருக்கிறார். தனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று அவரிடம் வெளிப்படையாகவே சொல்கிறாள். அவர் அந்த வெளிப்படைத்தன்மைக்காகவே அவளைப் பிடித்திருக்கிறது என்கிறார். மறுப்பையே தகுதியாக மாற்றிவிடும் அந்தக் காட்சியை நான் பார்க்கும்போதெல்லாம் சந்திரகுமாரின் நல்ல குணத்தின் மீது எரிச்சல் வரும். மறுப்பைச் சொன்ன பிறகும் அவள் வரன்தான் என்றால் அவள் வேறு என்னதான் சொல்ல முடியும்?

மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) இதற்கு நேர்மாறான கட்டுமானம். 'அண்ணாமலை' வந்த அதே ஆண்டு. முதலில் காஷ்மீர்: விடிகாலை, துப்பாக்கிச் சத்தம், ராணுவம் ஒரு தீவிரவாதியைத் துரத்திப் பிடிக்கிறது. அதற்குப் பிறகே தமிழ்க் கிராமம், வயல், அருவி, ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படப்பாட்டாக மின்மினியின் குரல். துப்பாக்கிக்குப் பின் புல்லாங்குழல் வந்தால் எந்தக் காதுக்கும் ஆறுதலாகத்தான் இருக்கும். அந்த ஆறுதல்தான் பொறி. தேசத்தின் கதை கனமான சத்தத்தில் தொடங்கிவிட்டது; ரோஜாவுக்குக் கிடைத்திருப்பது சின்னச் சின்ன விருப்பங்களின் பட்டியல். அவள் ஆசைகளின் அளவை முதல் பாட்டே நிர்ணயித்துவிட்டது. பின்னால் கணவனைக் கேட்டு அவள் அதிகாரிகளிடம் தமிழில் கதறும்போது, அவள் மொழி அங்கே பலருக்குப் புரிவதில்லை. அந்தக் காட்சிகளில் மதுபாலாவின் கோபம் நிஜமாகத் தைக்கிறது. ஆனால் துப்பாக்கி முதலிலும் அவள் இரண்டாவதாகவும் வந்த வரிசை கடைசிவரை மாறவில்லை.

'பம்பாய்' (1995) படத்தில் ஷைலா பானுவை அறிமுகப்படுத்துவது காற்று. படகுத்துறையில் அவள் நிற்கிறாள், காற்று முகத்திரையைத் தூக்குகிறது, இந்து இளைஞன் பார்த்துவிடுகிறான். அவள் தானாகத் திரையை விலக்கியிருந்தால் அது வேறு படமாகியிருக்கும். காற்று விலக்கினால் யார் மீதும் பழியில்லை; பார்த்தவன் மீதும் இல்லை. ஒரு முஸ்லிம் பெண்ணின் முகம் அவள் சம்மதம் கேட்கப்படாமலே திறக்கப்படுவதை அழகின் தரிசனமாக நாம் ரசித்தோம், அதுவும் பாபர் மசூதி இடிக்கப்பட்டு மூன்றாண்டுகள்கூட முடியாத நேரத்தில்.

அந்த முகம் மனிஷா கொய்ராலாவுடையது, குரல் ரோகிணியுடையது. இதற்குப் பின்னால் ஒரு தொழில் வரலாறு இருக்கிறது. 1970களில் படப்பிடிப்பு ஸ்டுடியோவிலிருந்து வெளியே போனபோது கேமராவின் இரைச்சலும் தெருவின் இரைச்சலும் சேர்ந்து, அங்கே பதிவான ஒலி பயன்படாமல் போனது. எல்லா வசனங்களையும் பிறகு டப்பிங் தியேட்டரில் பேசிச் சேர்த்தார்கள். எப்படியும் பிறகுதான் பேசப்போகிறார்கள் என்றால், நடித்தவளே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் தெரியாத, வெளுத்த தோலுடைய நடிகைகளை வடக்கிலிருந்து அழைத்து வருவது இதனால் எளிதாயிற்று. பாட்டுக்குரலை முன்பே இழந்திருந்த நாயகி, பேச்சுக்குரலையும் இழந்தாள். முகம் ஒருத்தி, பேச்சு ஒருத்தி, பாட்டு ஒருத்தி: மூன்று பெண்களின் உழைப்பைச் சேர்த்து ஒரு நாயகி. கறுத்த தமிழ்ப்பெண்களின் குரல் வேண்டியிருந்தது, முகம் வேண்டியிருக்கவில்லை. போஸ்டரில் முகத்துக்கு மட்டும்தான் இடம்.

இந்த ரோகிணி 2004இல் 'விருமாண்டி'யின் தொடக்கத்தில் தன் முகத்தோடு வந்தார். படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட படம் அது. தூக்குத் தண்டனை பற்றி ஆய்வு செய்யும் ஏஞ்சலா காத்தமுத்துவாக அவர் கேமராவோடு சிறைக்குள் போகிறார், ஆண்களைப் பேட்டி காண்கிறார். 1978இல் கமல்ஹாசன் உட்கார்ந்திருந்த இடத்தில் 2004இல் ரோகிணி. கைதிகள் அவர் சட்டகத்துக்குள் உட்கார்கிறார்கள். கேட்கிற குரலும் அவருடையதே. இத்தனை ஆண்டுகள் மற்றவர்களின் வாய்க்குப் பேசியவர் இப்போது மற்றவர்களைப் பேச வைக்கிறார் என்று எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் முழுதாக நீடிக்கவில்லை. கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், விருமாண்டி ஒரு கதை சொல்கிறான். இரண்டிலும் அன்னலட்சுமி (அபிராமி) வருகிறாள், இரண்டு விதமாக. ஒரு கதையில் அவள் மீது வன்முறை, மற்றொன்றில் அவள் விருப்பம். அவள் செத்துவிட்டதால் அவளைப் பேட்டி காண யாருமில்லை. பேட்டி எடுப்பவர் பெண்ணாக இருந்தும், யாருடைய உடலில் நடந்ததோ அவளுடைய சாட்சி இல்லை. விருமாண்டி சொல்வதுதான் உண்மை என்று படம் முடிவு செய்கிறது. எனக்கும் அவன் சொல்வதுதான் உண்மை என்று தோன்றுகிறது. அப்படித் தோன்ற வைத்தது கமல்ஹாசனின் குரலா, அன்னலட்சுமியின் மௌனமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

2018 அக்டோபர் தொடக்கத்தில் பிரேம்குமாரின் '96' வெளியானது. அதில் ஜானுவை நாம் முதலில் தெரிந்துகொள்வது பள்ளி வகுப்பறையில் பாடுகிறவளாக. பாடகி எஸ்.ஜானகியின் நினைவில் வைத்த பெயர். வகுப்பே கேட்டால் பாடுகிறாள். ஆனால் ராம் ஏங்கும் ஒரு குறிப்பிட்ட பாட்டை மட்டும் பாடமாட்டேன் என்கிறாள். அதைப் பாடுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறாள். கடைசியில் அவன் வீட்டில் மின்சாரம் போன இருட்டில், அவளாகத் தொடங்குகிறாள். 'பாடத் தெரியுமா?' என்ற கேள்விக்கு 'தெரியும், இப்போது இல்லை' என்று ஒரு தமிழ்ப்பட நாயகி பதில் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

ஜானுவின் முகம் திரிஷாவுடையது. அவள் பேசிய குரலும் பாடிய குரலும் சின்மயியுடையவை. படம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான், மீ டூ இயக்கத்தின் பகுதியாக, பிரபலமான ஒரு பாடலாசிரியர் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாகச் சின்மயி வெளிப்படையாகச் சொன்னார். வேறு பல பெண்கள் சொன்னவற்றையும் தன் பெயரில் வெளியிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார். நவம்பரில் டப்பிங் கலைஞர்களின் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். தான் கட்டியிருப்பதாக அவர் சொன்னார். ஜானுவின் குரலைக் கொண்டாடி ஊரெல்லாம் அழுதுகொண்டிருந்தபோது, அந்தக் குரலுக்குரியவரைப் பார்த்து, 'இத்தனை வருஷம் ஏன் பேசவில்லை?' என்று கேட்டார்கள். ஜானு இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பாடியதை ரசித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

2023 அக்டோபர் 19 அன்று லோகேஷ் கனகராஜின் 'லியோ' வந்தது. விஜய் படம், தொடக்கம், பட்டம், கைதட்டல் எல்லாம் அவருக்கு. திரிஷா ஒரு மலையூர் வீட்டில் மனைவியாகவும் தாயாகவும் அறிமுகமாகிறார், பெரிய சத்தமில்லாமல். அவர் முதல் வசனத்தைப் பேசியபோது வந்தது சின்மயியின் குரல்.